தெரிவு செய்து வாங்கும் போன்: மட்டக்களப்பில் தொடங்கி மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் 2020 இல் தொடங்கி 2022 ஜூனில் மூடப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தின் கதை இது. ரேம், கெமரா, பற்றரி, பின்கவர் என்று வாடிக்கையாளரே தெரிவு செய்ய, அதன்படி போனைப் பூட்டிக் கொடுப்பதுதான் அவர்களுடைய தொழில். டொலர் ஏறியதால் விழுந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள், பங்காளிகளும் சில காலம் அப்படியே சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தையும் ரிப்பேர் பதிவேட்டையும் திகதி வாரியாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் பொருந்தவில்லை. ரூபாய் விழுவதற்கு எட்டு மாதம் முன்பே பணம் சிக்கிக்கொண்டது. சிக்கிய இடம், விளம்பரத்தில் அவர்கள் பெருமையாகச் சொன்ன அதே தெரிவு.

பின்னணி

பங்காளிகள் மூவர். ஒருவர் நகரில் பல வருடம் போன் ரிப்பேர் கடை நடத்திய தொழினுட்பர். மற்றவர் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த பட்டதாரி. மூன்றாமவர் கட்டாரில் இருந்து திரும்பிய காத்தான்குடிக்காரர். அவர் 30 இலட்சம் போட்டார், 10 இலட்சம் வங்கிக் கடன், மீதி 5 இலட்சத்தை மற்ற இருவரும் சேர்ந்து போட்டார்கள். கல்லடியில் ஒரு வீட்டின் முன் அறை பூட்டும் இடமானது. திருமலை வீதியில் ஒரு சிறு கடை. களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் முகவர் கடைகள்.

எண்ணம் அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. துண்டு துண்டாக மாற்றக்கூடிய போன் என்ற யோசனை 2013 இல் போன்பிளொக்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கூகுள் அதை அரா என்ற திட்டமாக எடுத்து 2016 செப்டெம்பரில் கைவிட்டது. எல்ஜி 2016 இல் ஜி5 மொடலில் அடிப்பகுதியைக் கழற்றி வேறு துண்டு பூட்டும் வசதி கொடுத்து, அடுத்த வருட மொடலிலேயே அதை விட்டுவிட்டது. இந்த வரலாறு மூவருக்கும் தெரியும். பெரிய கொம்பனிகள் விட்டது பெரிய செலவினால், நமக்குச் செலவு குறைவு என்பது அவர்களின் வாதம். மோட்டோரோலா 2013 இல் மோட்டோ எக்ஸ் போனை வாடிக்கையாளர் விருப்பப்படி செய்து கொடுத்ததையும் முன்னுதாரணமாகச் சொன்னார்கள். அங்கே வாடிக்கையாளர் தெரிவு செய்தது முக்கியமாகக் கவரின் நிறம், பொத்தான்களின் நிறம், பின்னால் பொறிக்கும் வாசகம், மற்றும் ஸ்டோரேஜ். கெமராவும் பற்றரியும் எல்லாருக்கும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை 2020 இல் ஒருவரும் எழுப்பவில்லை.

விற்ற பொருள்

சீனாவின் சென்ஷென் நகரில் உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்தின் போர்ட், அதாவது மீடியாடெக் சிப் உள்ள மின்சுற்றுப் பலகைதான் அடிப்படை. ஸ்மார்ட்போனில் ரேமைத் தனியாக மாற்ற முடியாது. இந்த விலையில் வரும் போர்ட்களில் ரேமும் ஸ்டோரேஜும் பெரும்பாலும் ஒரே சிப்பாக, ஈஎம்சிபி என்ற வடிவில், போர்ட்டில் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே வாடிக்கையாளர் '6 ஜிபி' என்று தெரிவு செய்தால் அவருக்குத் தேவைப்படுவது வேறொரு முழுப் போர்ட். கொம்பியூட்டரில் ரேம் துண்டை மாற்றிப் பழகிய பட்டதாரிப் பங்காளிக்கு இது முதல் விலைப்பட்டியல் வந்த பிறகுதான் உறைத்தது. அப்போதும் திட்டம் மாறவில்லை.

போர்ட் மூன்று வகை: 3/32, 4/64, 6/128 (முதல் எண் ரேம், அடுத்தது ஸ்டோரேஜ், இரண்டும் ஜிபியில்). பின் கெமரா இரண்டு: 13, 48 மெகாபிக்சல். பற்றரி இரண்டு: 3,500, 5,000 எம்ஏஎச். கவர் ஐந்து நிறம். பெருக்கினால் 60 சேர்க்கை. இணையத்தளத்தில் ஒவ்வொன்றையும் தொட்டால் விலை மாறும்படி பட்டதாரி அழகாகச் செய்திருந்தார்.

முதல் தீர்மானம்

2020 ஒக்டோபரில் ஓடர் எழுதும்போது தொழினுட்பர் மறுத்தார். மூன்று நிலையான மொடல் மட்டும் வைப்போம் என்று, முதலீட்டாளரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்துச் சொன்னார்: "காக்கா, மூணு சாமான வச்சி ஓட்டுவம், பொறகு பாப்பம்." அதற்கு முதலீட்டாளர் சொன்ன பதில் நியாயமானதுதான்: "மூணு சாமான் விக்கிறதுக்குக் கல்முனையில கடை இல்லையா தம்பி?" பெயர் தெரியாத போனை, பெயர் தெரிந்த போனின் விலைக்கு வாங்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் தெரிவு என்று முடிவானது.

வழங்குநரின் குறைந்தபட்ச ஓடர்தான் இனி எல்லாவற்றையும் தீர்மானித்தது. போர்ட் வகைக்கு 50, ஆக 150. கெமரா வகைக்கு 100. பற்றரி வகைக்கு 100. கவர் நிறத்துக்கு 40, ஆக 200. டிஸ்பிளே 160. அடிப்போர்ட், ஸ்பீக்கர், நாடா, திருகாணி அடங்கிய செட் 160. போர்ட் விலை முறையே 38, 47, 61 டொலர். டிஸ்பிளே 13, பெரிய கெமரா 11, பெரிய பற்றரி 6.50. பெட்டி, சார்ஜர் உட்பட மொத்தம் 14,540 டொலர். நவம்பரில் டொலர் 186 ரூபாய் வீதம் ஏறக்குறைய 27 இலட்சம்.

அதில் பாதி போர்ட்டுக்கே போனது. எந்தப் போர்ட் எத்தனை விற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில் மூன்றையும் சம அளவில் வாங்கினார்கள். முகவர் கடைகளில் ஒரு மாதம் இருந்து, என்ன போன் போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தாலே இந்தத் தவறு நடந்திருக்காது.

சுங்கத்தில் நின்ற பெட்டிகள்

உதிரிப்பாகம் என்ற தலைப்பில் சரக்கு வந்தது. முழுப் போனுக்குரிய நடைமுறை தேவைப்படாது என்று நினைத்திருந்தார்கள். சுங்க வகைப்படுத்தலுக்கு உலகப் பொதுவான விதி 2(அ) வேறு விதமாகச் சொல்கிறது: பூட்டப்படாமல் வந்தாலும், ஒரு முழுப் பொருளின் முக்கிய இயல்பு இருந்தால் அது முழுப் பொருளாகவே கணிக்கப்படும். போர்ட், டிஸ்பிளே, கவர், பற்றரி எல்லாம் ஒரே கப்பலில் வந்தால் அது போன்தான். அதிகாரிகள் விதிப்படியே நடந்தார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரமும், ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயின் பட்டியலும் கேட்கப்பட்டன. வழங்குநரிடமிருந்து பரிசோதனை அறிக்கைகளை எடுத்து, மாதிரி கொடுத்து அங்கீகாரம் பெறும்வரை பெட்டிகள் ஐந்து வாரம் கிடந்தன. களஞ்சியக் கட்டணம் மட்டும் 2 இலட்சத்தைத் தாண்டியது.

ஐஎம்இஐ விடயத்தில் ஒரு நுணுக்கம் பின்னால் தொல்லை கொடுத்தது. 15 இலக்க எண் போர்ட்டோடு போகும், கவரோடு அல்ல. வாரன்டியில் போர்ட்டை மாற்றினால் பெட்டியில் ஒட்டிய எண்ணும் போனில் *#06# அடித்தால் வரும் எண்ணும் ஒத்துவராது. 'ஐஎம்இஐ' என்ற சொல்லையும் எண்ணையும் ஆணைக்குழுவின் 1909 க்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிச் சரிபார்க்கும் பழக்கம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. பெட்டி எண்ணை அனுப்பி, பிறகு போனில் வேறு எண்ணைக் கண்டவர் களவுப் போன் என்று சண்டைக்கு வந்தார். போர்ட் மாற்றினால் புதிய ஸ்டிக்கர் அச்சடித்துப் பழையதன் மேல் ஒட்டி, பதிவேட்டில் இரண்டு எண்ணையும் எழுத வேண்டும். இதை மூன்றாவது சண்டைக்குப் பிறகே ஒழுங்காகச் செய்தார்கள்.

பூட்டிய முறை

இந்தப் பகுதியில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஒரு போனுக்கு ஏறக்குறைய 45 நிமிடம். நடுச்சட்டத்தில் முதலில் அதிர்வு மோட்டாரும் ஸ்பீக்கரும், பிறகு அடிப்போர்ட், நாடா, மேல்போர்ட், கெமரா, டிஸ்பிளே இணைப்பு. பற்றரி இணைப்பு எப்போதும் கடைசி. மின் இருக்கும்போது டிஸ்பிளே நாடாவைச் செருகினால், பின்கள் சற்றுச் சரிந்தாலே பின்னொளி சுற்று எரிந்துவிடும். பழகுநர் ஒருவர் இப்படி இரண்டு போர்ட்டைக் கெடுத்த பிறகு, பற்றரித் தட்டைத் தொழினுட்பரின் மேசையிலேயே வைத்தார்கள். அந்த இரண்டு போர்ட்டிலும் பின்னொளி ஐசியை மாற்றித் திரும்பப் பயன்படுத்தினார்கள். டிஸ்பிளே ஒட்டிய பிறகு கவ்வி போட்டு இரவு முழுக்க வைப்பார்கள். மாரி மாதங்களில் கல்லடிக் காற்றில் பசை பிடிக்க இன்னும் நேரமெடுத்தது.

சோதனை அட்டையில் சிம், ஒலி, சார்ஜ், கெமரா என்று எல்லாம் இருந்தன. கெமராச் சோதனை அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. இது பின்னால் முக்கியமாகும்.

விற்பனை காட்டியது

2021 மார்ச்சில் விற்பனை தொடங்கியது. முதல் 96 ஓடர்களில் 63 பேர் கேட்டது 4/64. 24 பேர் 3/32. 6/128 கேட்டவர்கள் 9 பேர் மட்டும். கையில் இருந்த 4/64 போர்ட் 50. மீதி 13 பேரில் 6 பேர் விலைக்கழிவுடன் 3/32 க்கு இறங்கினார்கள், 7 பேர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஜூலை தொடக்கத்தில் விற்றவை 89.

அன்றைய சரக்குக் கணக்கு இது: 6/128 போர்ட் 41 மீதி. அதில் மட்டும் 2,501 டொலர் உறங்கியது. 3,500 பற்றரி 92 மீதி, ஏனென்றால் 89 பேரில் 81 பேர் பெரியதையே தெரிவு செய்தார்கள். 13 மெகாபிக்சல் கெமரா 77 மீதி. கறுப்பும் கடும்நீலமும் ஒன்றுகூட இல்லை, மற்ற மூன்று நிறத்திலும் 111 கவர். கடைசியாக வந்த 9 பேர் மனமில்லாமலே சிவப்பை எடுத்தார்கள்.

அறுபது சேர்க்கை கொடுத்தும் மக்கள் தெரிவு செய்தது ஏறக்குறைய ஒரே போனை: 4/64, பெரிய கெமரா, பெரிய பற்றரி, கறுப்பு. அக்கரைப்பற்று முகவர் சொன்னபடி, வருகிறவர்கள் "நீங்களே ஒரு நல்லதச் சொல்லுங்க காக்கா" என்றுதான் கேட்டார்கள். தெரிவு என்பது விற்பவருக்குக் கிடைத்த பேச்சாக இருந்ததே தவிர வாங்குபவரின் தேவையாக இருக்கவில்லை. அதற்கு மேல், பக்கத்துக் கடையில் பத்து நிமிடத்தில் போனோடு வெளியேறலாம் என்னும்போது இங்கே மூன்று நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவருக்குப் போன் வாங்க வந்த குடும்பங்கள் காத்திருக்கவில்லை.

ஒரு தெரிவு மட்டும் உண்மையிலேயே கேட்கப்பட்டது. பின்கவரில் ஒட்டும் அச்சுப்படம். பிள்ளையின் படம், கோயில் தேர், அரபு எழுத்தில் பெயர், விளையாட்டுக் கழகச் சின்னம், பாடசாலைப் பழைய மாணவர் சின்னம். நகரில் உள்ள அச்சகத்தில் 140 ரூபாய்க்கு வெட்டி 600 ரூபாய்க்கு ஒட்டினார்கள். வேறு போன் வைத்திருப்பவர்களும் இதற்காகக் கடைக்கு வந்தார்கள். கணக்கில் இது 'இதர வருமானம்' என்ற வரியில் கிடந்ததால் எவரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது ஓடர்

ஜூலையில் இரண்டு வழி இருந்தது. தேங்கிய 6/128 போர்ட்களை விலை குறைத்து 4/64 கேட்டவர்களுக்கே கொடுத்துப் பணத்தை வெளியே எடுப்பது ஒன்று. மேலும் 4/64 வாங்குவது மற்றது. முதலாவதில் போனுக்கு 2,600 ரூபாய் அளவு இலாபம் குறையும், நட்டம் வராது. மூவரும் இரண்டாவதை எடுத்தார்கள். காரணம் விலைப்பட்டியலின் மானம்: 6/128 ஐ 4/64 விலைக்குக் கொடுத்தால் இணையத்தளத்தில் உள்ள விலை ஏணி பொய்யாகிவிடும், முன்பு வாங்கியவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தார்கள். எங்கள் பார்வையில் நிறுவனம் விழுந்த இடம் இதுதான், 2022 மார்ச் அல்ல.

4/64 போர்ட் 50, பெரிய கெமரா 50, பெரிய பற்றரி 50, கறுப்பும் நீலமுமாகக் கவர் 80. மொத்தம் 3,625 டொலர், ஏறக்குறைய ஏழேகால் இலட்சம், தனிப்பட்ட கடனில். போர்ட்கள் விமானத்தில் ஒன்பது நாளில் வந்தன. பற்றரிகள் வரவில்லை. லித்தியம் பற்றரியைத் தனியாக, கருவியில்லாமல், பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்றுவது 2016 ஏப்ரலில் இருந்து தடை. சரக்கு விமானமென்றால் மின்னேற்றம் 30 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, லித்தியம் பற்றரியை ஏற்றிச் செல்வது பாதுகாப்பு என்று காட்டும் யூஎன் 38.3 பரிசோதனைச் சான்றும் வேண்டும். செலவு கட்டாது என்று கடல் வழியே அனுப்பினார்கள். போர்ட்கள் ஓகஸ்ட் தொடக்கத்தில் மேசையில், பற்றரிகள் செப்டெம்பர் கடைசியில். கையில் இருந்த 19 பெரிய பற்றரிகள் முடிந்ததும் வேலை நின்றது. அதற்கிடையில் ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. செப்டெம்பரில் மத்திய வங்கி போன் உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு 100 வீத ரொக்க வைப்பு, அதாவது முழுப் பெறுமதியையும் முன்கூட்டியே வங்கியில் கட்டும்படி, கேட்டது. மூன்றாவது ஓடர் என்ற பேச்சு அத்தோடு போனது.

திரும்பி வந்தவை

2022 பெப்ரவரிவரை மொத்தம் விற்றவை 123. அவற்றில் 41, அதாவது மூன்றில் ஒன்று, குறைந்தது ஒரு தடவை திரும்பி வந்தது. பற்றரி 17, கெமரா 11, சார்ஜ் முனை 7, டிஸ்பிளே 4, இதர 2. ஒவ்வொன்றையும் தோண்டினால் தெரிவுதான் வெளியே வருகிறது.

பற்றரியை முதலில் பார்ப்போம். போன் 18 வீதத்தில் திடீரென்று அணைகிறது என்பதே பொதுவான முறைப்பாடு. தொழினுட்பர் பெரிய பற்றரியை 1 அம்பியரில் இறக்கி அளந்தார்: 5,000 என்று அச்சிட்ட பற்றரி சராசரி 4,100 கொடுத்தது. போனின் மென்பொருளோ 5,000 என்று நம்பிக் கணக்கிடுகிறது. 4,100 செலவானதும் பற்றரி காலி, திரையில் மட்டும் மீதி 900, அதாவது 18 வீதம். சின்னப் பற்றரி இன்னும் மோசம். போர்ட்டில் பற்றரியை அடையாளம் காண ஒரு பின் இருந்தது. ஒவ்வொரு பற்றரியிலும் வெவ்வேறு மதிப்புள்ள தடையி வைத்தால் மென்பொருள் எது பூட்டப்பட்டுள்ளது என்று அறிந்து அதற்குரிய அட்டவணையை எடுக்கும். இரண்டு பற்றரியிலும் அந்தத் தடையி இல்லை, மென்பொருளில் ஒரே அட்டவணை. ஆகவே 3,500 பற்றரி பூட்டிய போன் 30 வீதத்தில் அணைந்தது. அதைவிட ஆபத்தான விடயம், சின்னப் பற்றரியின் உச்ச மின்னழுத்தம் 4.35 வோல்ட், மென்பொருள் ஏற்றியது 4.4 வரை. விற்ற எட்டில் ஆறு திரும்பி வந்தன, இரண்டு ஊதிப்போய்ப் பின்கவரைத் தள்ளியிருந்தன. அன்றே சின்னப் பற்றரியை நிறுத்தி, வாங்கிய எட்டுப் பேரையும் தேடிப்பிடித்துப் பெரியதை இலவசமாகப் போட்டார்கள். சரியான முடிவு. இரண்டு பற்றரி வகை என்பது இரண்டு அட்டவணை, இரண்டு சார்ஜ் எல்லை, இரண்டு பாதுகாப்புச் சோதனை என்பதை வாங்கும் முன்பே வழங்குநரிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

கெமரா முறைப்பாடுகள் அனைத்தும் இரண்டாவது ஓடருக்குப் பிறகு வந்தவை. படம் பிடிக்கும், ஆனால் வெயிலில் மூலைகள் ஊதா நிறமாகும், குவியம் முன்னும் பின்னும் ஆடும். வழங்குநர் சொல்லாமலே வேறு லென்ஸ், வேறு குவிய மோட்டார் உள்ள தொகுதியை அனுப்பியிருந்தார். சென்சர் அதேதான் என்பதால் மென்பொருள் ஏற்றுக்கொண்டது, படத்தின் மூலைகளை நடுப்பகுதியோடு சமன்செய்யும் நிழல் திருத்த அட்டவணை மட்டும் பொருந்தவில்லை. டியூப்லைட் அறையில் இது தெரியாது. பழைய 34 கெமராவையும் புதிய 50 ஐயும் ஒரே தட்டில் கொட்டி வைத்திருந்ததால் எந்தப் போனில் எது என்ற பதிவும் இல்லை.

இங்கே ஒரு சங்கிலி தொடங்குகிறது. வழங்குநரிடம் புதிய திருத்தக் கோப்பு கேட்டு வாங்கி, பட்டதாரி எட்டுப் போன்களில் அதை ஏற்றினார். ஊதா போனது. ஆனால் அந்தக் கோப்பு இருக்கும் பகுதியைத் தொட்டால் தொழிற்சாலைக் கையொப்பம் உடையும், போன் தொடங்கும்போது அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும். கூகுளின் சான்று அந்தப் போனுக்கு இல்லாமல் போனது. வங்கிச் செயலிகள் திறக்க மறுத்தன. எட்டில் ஐந்து பேர் இரண்டாம் முறை வந்தார்கள், இம்முறை கோபத்தோடு. பாகங்களை மாற்றக்கூடிய போன் செய்யும் பெயார்போன் நிறுவனம் 2017 இல் தன் இரண்டாவது மொடலுக்கு மேம்பட்ட கெமராத் தொகுதியைத் தனியாக விற்றது உண்மை. அங்கே மென்பொருளை வெளியிட்டதும் கையொப்பமிட்டதும் அதே நிறுவனம். இங்கே கையொப்பத் திறவுகோல் சென்ஷெனில் இருந்தது. கெமராவைத் தெரிவு செய்ய விடும் உரிமை அந்தத் திறவுகோல் உள்ளவருக்குத்தான் உண்டு.

சார்ஜ் முனைகள் ஊரின் பிரச்சினை. பெரிய பற்றரி பின்தட்டோடு சேர்ந்து கழன்று வரும் வடிவம், சுருள்வில் முனைகளால் தொடும். முனையின் தங்கப்பூச்சு மிக மெல்லியது. கடற்கரைக் காற்றிலும் வாவியில் தொழில் செய்பவர்களின் கையிலும் ஆறேழு மாதத்தில் பச்சை பிடித்தது. புதிதில் 0.03 ஓமுக்குக் குறைவாக இருந்த தொடுதடை 0.1 ஓமைத் தாண்டியது. 2 அம்பியர் ஓடும்போது ஒரு முனையிலேயே 0.2 வோல்ட் விழும், 0.4 வாட் வெப்பமாகும். போன் சுடுகிறது, சார்ஜ் ஏறவில்லை என்று வந்த ஏழில் ஐந்து கரையோரக் கிராமங்களில் இருந்து வந்தவை. ஐசோபுரொப்பைல் அற்ககோலும் மென்தூரிகையும் சில மாதம் தாங்கின. நிலையான தீர்வு, முனைகளை விட்டு சாதாரண நாடா இணைப்புக்கு மாறுவது. அப்படி மாறினால் 'கழற்றி மாற்றலாம்' என்ற விளம்பர வரி போய்விடும் என்பதால் தள்ளிப்போட்டார்கள்.

டொலர்

2022 மார்ச் 7 இல் மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. 200 சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 க்கு வந்தது. 13 டொலர் டிஸ்பிளே 2,600 ரூபாயிலிருந்து 4,680 ஆனது. பன்னிரண்டு மாத வாரன்டி ரூபாயில் விற்று டொலரில் காக்க வேண்டிய கடமையாகிவிட்டது. மணிக்கணக்கில் மின்வெட்டு, பூட்டும் மேசை பாதி நாள் இருட்டில். எரிபொருள் இல்லாததால் அம்பாறை மாவட்ட முகவர்களிடம் போன் போய்ச் சேரவில்லை.

இவையெல்லாம் உண்மை. ஆனால் அதே டொலர்தான் கடைசியில் அவர்களுக்குக் கைகொடுத்தது. சந்தையில் போன் விலை ஏறிப்போனதால், 186 ரூபாய் டொலரில் வாங்கி உறங்கிக் கிடந்த 6/128 போர்ட்களுக்குத் திடீரென்று பெறுமதி வந்தது. மே மாதம் மிச்சமிருந்த போர்ட் 77, டிஸ்பிளே 33, பெரிய பற்றரி 24. கையில் இருந்ததைக் கொண்டு 24 போன் பூட்டி, வாரன்டி இல்லை என்று பற்றுச்சீட்டில் எழுதி, கல்முனை வியாபாரி ஒருவருக்குத் தலா 38,000 வீதம் கொடுத்தார்கள். 9 இலட்சத்து 12 ஆயிரம் வந்தது. ஒரு வருடமாக விற்காத போர்ட் ஒரே நாளில் போனது, அதுவும் எவருக்கும் தெரிவு கொடுக்காமல், எல்லாம் ஒரே மாதிரி.

மூடியது

ஜூன் மாதம் மூவரும் கணக்கு முடித்தார்கள். முதலில் வங்கிக் கடன். அடுத்து வாரன்டி மீதமுள்ள வாடிக்கையாளர்கள்: பழுது வந்தால் உதிரிப்பாகத்தைக் கொள்விலைக்கும் கூலியை இலவசமாகவும் தருவதாகச் சொல்லி ஒவ்வொருவருக்கும் அழைப்பெடுத்தார்கள். பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள், நாலைந்து பேர் பணம் கேட்டு வாங்கினார்கள். முதலீட்டாளருக்கு 30 இல் 17 இலட்சம் திரும்பியது. தொழினுட்பர் தன் பங்குக்கு மேசைக் கருவிகளை எடுத்தார். மிச்சப் போர்ட்கள் மெமரி சிப் கழற்றுவதற்காக ரிப்பேர்காரர்களிடம் போயின. 3,500 பற்றரிகளை எவருக்கும் விற்கக் கூடாது என்று தொழினுட்பர் பிடிவாதமாக நின்றார், அதில் அவர் செய்தது சரி.

திருமலை வீதிக் கடை மூடப்படவில்லை. தொழினுட்பர் அதில் ரிப்பேரும் கவர் அச்சும் செய்கிறார்.

திரும்பச் செய்வதானால்

ஒரு போர்ட், ஒரு கெமரா, ஒரு பற்றரி. தெரிவு முழுவதும் போனுக்கு வெளியே: கவர், அச்சு, மெமரி கார்ட், கூடவே கொடுக்கும் சார்ஜர். கூடுதல் ஸ்டோரேஜ் கேட்பவருக்குக் கார்ட் காணும். இப்படி வைத்தால் முதல் ஓடரின் அதே 27 இலட்சத்தில் 150 போனும் ஒரே விலையில் விற்கும், குறைந்தபட்ச ஓடரின் சுமையும் மூன்றாகப் பிரியாது.

மக்கள் உண்மையில் கேட்பது தெரிவு செய்யும் வசதியை அல்ல, உடைந்தால் மாற்றும் வசதியை. டிஸ்பிளே, பற்றரி, சார்ஜ் அடிப்போர்ட், பின் கெமரா ஆகிய நான்கையும் அரை மணி நேரத்தில் மாற்றலாம், விலை முன்கூட்டியே சுவரில் எழுதியிருக்கும் என்று சொல்லியிருந்தால் பெயர் தெரியாத போனை வாங்க அதுவே காரணமாக இருந்திருக்கும். அதற்கு விற்கும் எண்ணிக்கையில் பத்துக்கு ஒரு டிஸ்பிளேயும் ஒரு பற்றரியும் முதல் ஓடரிலேயே, விற்பனைக்கு எடுக்காத தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். வாரன்டிச் செலவை ரூபாயில் ஒதுக்குவதைவிடப் பாகமாகவே ஒதுக்குவது நல்லது, அது டொலரோடு சேர்ந்து ஏறும்.

சரக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய மூன்று காரியம்: ஒவ்வொரு தொகுதிப் பற்றரியிலும் ஐந்தை 1 அம்பியரில் இறக்கி அளந்து, அந்த அளவையே பெட்டியில் அச்சிடுவது. கெமராத் தொகுதிக்கு ஐந்தைப் பூட்டி நண்பகல் வெயிலில் வெள்ளைச் சுவரைப் படமெடுத்து மூலைகளைப் பார்ப்பது. தொகுதி எண்ணை ஒவ்வொரு போனின் ஐஎம்இஐக்கும் எதிரே பதிவேட்டில் எழுதுவது. வழங்குநரோடு எழுதும் உடன்படிக்கையில், அறிவிக்காமல் பாகத்தை மாற்றினால் முழுத் தொகுதியும் திருப்பி எடுக்கப்படும் என்ற வரியும், மென்பொருள் திருத்தத்தைக் கையொப்பமிட்டுத் தரும் பொறுப்பு அவர்களுடையது என்ற வரியும் இல்லாமல் முற்பணம் அனுப்பக் கூடாது. இரண்டாவது வரிக்குச் சிறு ஓடர்காரருக்கு வழங்குநர் இலேசில் சம்மதிக்க மாட்டார். சம்மதிக்காவிட்டால் கெமராவில் கை வைக்காமல் விடுவதே வழி.